மீன் திரும்பி வந்த ஆறு

தலைநகரில் வாழும் தமிழர்களுக்கு ஆறு என்றவுடன் யமுனைதான் நினைவுக்கு வரும். அதன் நிலையை எண்ணியதும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். ஆரவல்லி மலைப் பக்கத்திலிருந்து தில்லியை நோக்கி ஓடிவந்த சாகிபி என்னும் ஆறு, நகரத்தினுள் நஜஃப்கர் சாக்கடை என்ற பெயரோடு யமுனையில் கலக்கின்றது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அஃது ஆறு சாக்கடையான கதை. அதே ஆரவல்லித் தொடரில், ராஜஸ்தானத்து அல்வார் மாவட்டத்தில், மாண்டுபோன ஒரு சிற்றாறு மீண்டும் உயிர் பெற்ற கதையும் உண்டு. அவ்வாற்றின் பெயர் அர்வரி. அது உயிர் பெற்றதற்குச் சாட்சியாக வந்தவை மீன்கள். அம்மீன்களாலேயே ஒரு வழக்கும் எழுந்தது.

ஆறு வறண்டது ஏன்?

அல்வார்ப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 600 மில்லிமீட்டர் அளவே மழை உண்டு. அதுவும் பருவகாலத்துச் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அந்நீரைப் பிடித்து வைக்க முன்னோர் கண்ட உபாயம் 'ஜோஹட்'. கண்மாயையும் ஏந்தலையும் கண்டு வளர்ந்த நமக்கு இதனை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நிலச் சரிவின் குறுக்கே பிறை வடிவில் மண் கரை எழுப்பி, மிகுந்த நீர் வழிந்தோட ஒரு வழியும் விடுவார்கள். தேங்கிய நீரைக் கால்நடைகள் குடிக்கும். எஞ்சியது மெல்ல மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளை நிரப்பும்.

காலப்போக்கில் மலைக்காடுகள் வெட்டப்பட்டன. மரமிழந்த சரிவுகளிலிருந்து மண் அரித்து வந்து ஜோஹட்டுகளைத் தூர்த்தது. கரையைக் காக்கும் ஊர்க் கட்டுப்பாடும் தளர்ந்தது. கிணறுகள் வற்றின, ஆறு பல பத்தாண்டுகள் மழைக்காலத்து ஓடையாக மட்டுமே இருந்தது. ஆடவர் பிழைப்பு நாடித் தில்லிக்கும் அகமதாபாத்துக்கும் சென்றனர். ஊரை விட்டு வந்தவர்களின் துயரம் நமக்குப் புதிதன்று.

மண் கரையின் மகிமை

1985-ஆம் ஆண்டில் 'தருண் பாரத் சங்' என்னும் அமைப்பைச் சேர்ந்த ராஜேந்திர சிங் என்ற இளைஞர் நண்பர்கள் சிலருடன் இப்பகுதிக்கு வந்தார். மருத்துவமும் கல்வியும் அளிப்பதே அவருடைய நோக்கம். ஊர்ப் பெரியவர்களோ, தங்களுக்கு முதலில் வேண்டியது தண்ணீர் என்று கூறி, ஜோஹட்டைத் தூர் எடுக்கும் வேலையில் அவரை இறக்கிவிட்டனர். கோபால்புரா என்ற ஊரில் தொடங்கிய வேலை ஊர் ஊராகப் பரவியது. கிராமத்தார் உடலுழைப்பும் பொருளும் தந்தனர். அர்வரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் மட்டும் காலக்கிரமத்தில் 300-க்கும் மேற்பட்ட நீர்த்தேக்கங்கள் உருவாயின.

மண் கரைகள் ஆற்றை ஓட வைத்த விதம் எளிது. நிலத்தடி நீர்மட்டம் ஆற்றுப் படுகைக்குக் கீழே இருக்கும் வரை, ஆற்றில் விழும் நீரை மண் உறிஞ்சிவிடும். அம்மட்டம் படுகைக்கு மேலே உயர்ந்ததும் நிலமே ஆற்றுக்குள் நீரைக் கசியவிடுகிறது. அர்வரியில் முதலில் மழைக்குப் பின் சில மாதங்கள் ஓட்டம் நீடித்தது. 1995-ஆம் ஆண்டளவில் ஆண்டு முழுவதும் நீர் ஓடியது.

மீனுக்கு வேண்டுவன

நீர் இருந்துவிட்டால் மீன் வாழும் என்று நினைப்பது போதாது. கோடையில் ஒதுங்கி உயிர் பிழைக்க ஆழமான மடுக்கள் வேண்டும். முட்டையிடக் கூழாங்கற் படுகையோ நீர்ச்செடிகளோ வேண்டும். கரையில் மரநிழல் வேண்டும். நீர் சூடேறும்போது அதில் கரைந்துள்ள பிராணவாயு குறைந்துவிடும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு கரையும் வாயு, 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம் அளவே கரைகிறது. நிழல் இழந்த ஓடையில் மீன் மூச்சுத் திணறுவது இதனால்தான். கரையோரத்துப் புல்லும் புதரும் மண் சரியாமல் காக்கின்றன. அவற்றிலிருந்து விழும் பூச்சிகளே மீனுக்கு உணவுமாகின்றன.

புதுவெள்ளம் வரும்போது எதிர்த்து ஏறிச்சென்று முட்டையிடுவது நாட்டு மீன்கள் பலவற்றின் இயல்பு. நம் ஊர் வாய்க்கால்களில் அயிரையும் கெண்டையும் ஏறி வருவதைக் கண்டவர்கள் இதனை அறிவார்கள். ஏறும் வழியை அடைத்துவிட்டால் இனம் குன்றும். அயல்நாட்டு மீனைக் கொண்டு வந்து விட்டாலும் அதே கேடுதான். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, 'ஜிலேபிக் கெண்டை' என்ற பெயரோடு எத்தனை ஏரிகளில் நாட்டு மீன்களை ஒதுக்கிவிட்டது என்பதை நாம் கண்கூடாகக் காண்கிறோம்.

மீன் யாருக்குச் சொந்தம்?

அர்வரியில் மீன் பெருகிய செய்தி ஊரைக் கடந்து சென்றது. 1996-இல் மாநில அரசு அங்கே மீன் பிடிக்கும் உரிமையை ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு அளித்தது. கிராமத்தார் திகைத்தனர். ஆறு வறண்டு கிடந்த காலத்தில் அதற்கு உரிமை கொண்டாட ஒருவரும் வரவில்லை. தாங்கள் மண் சுமந்து வரவழைத்த நீரில் வாழும் மீனை வேறொருவர் அள்ளிச் செல்வதா? அப்பகுதியில் புலால் உண்ணாதவரே மிகுதி; ஆகவே இது உணவுக்கான சண்டையன்று. இன்று மீனுக்கு ஒப்பந்தம் என்றால் நாளை நீருக்கும் அதுவே நேரும் என்பதே கேள்வி. அவர்கள் ஒன்றுகூடி எதிர்த்து நின்றனர், ஒப்பந்தம் கைவிடப்பட்டது.

அந்த வெற்றியோடு அவர்கள் அமைதியடைந்துவிடவில்லை. அயலாரைத் தடுத்தவர்கள் தங்களையும் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதை உணர்ந்தார்கள். 1990-களின் இறுதியில் சுமார் 70 கிராமங்களின் பிரதிநிதிகள் கூடி 'அர்வரி சன்சத்', அதாவது அர்வரிப் பாராளுமன்றம் என்ற சபையை அமைத்தனர். கரும்பு போன்ற நீர் மிகக் குடிக்கும் பயிர்களை விலக்குவது, கோடையில் ஆற்றிலிருந்து நேரே நீர் இறைக்காதிருப்பது, பச்சை மரத்தை வெட்டாதிருப்பது, வேட்டையாடாதிருப்பது போன்ற விதிகளை அச்சபை வகுத்தது. அதற்குச் சட்டத்தின் அதிகாரம் கிடையாது; ஊராரின் சொல்லே அதன் வலிமை. 2000-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் இப்பகுதிக்கே நேரில் வந்து, பாவ்ந்தா-கோல்யாலா கிராமத்தாரின் பணிக்கு விருது அளித்துப் பாராட்டினார்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. மேற்பகுதியில் நீரைத் தேக்கினால் கீழே உள்ளவர்களுக்கு வரத்துக் குறையாதா என்று ஆராய்ச்சியாளர்கள் வினவியிருக்கின்றனர். அது நியாயமான வினாவே. நம் நாட்டில் மேல்மடைக்கும் கீழ்மடைக்கும் நடக்கும் வழக்கு நெடுங்காலத்தது. மழை தொடர்ந்து பொய்த்தால் கரைகள் மட்டும் ஆற்றைக் காக்கவும் இயலாது.

ஆயினும் இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கின்றது. குடிமராமத்து என்ற சொல்லைத் தந்தவர்கள் நம் முன்னோர். விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும் அன்பர்கள், ஊர் வாய்க்காலின் கரையில் மரம் நிற்கிறதா, மடுவில் நீர் நிற்கிறதா, பழைய மீன்கள் இருக்கின்றனவா என்று பெரியவர்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் அயல் மீனைக் குளத்தில் விடுவது புண்ணியமன்று என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்ல வேண்டும். மழை முடிந்த பின் ஒருமுறை அல்வார்ப் பக்கம் சென்று, அந்த மண் கரைகளைக் கண்டு வருவதும் நன்று. அவற்றைக் கட்டியவர்களுள் பலர், நம்மைப்போல் பிழைப்புக்காக வெளியூர் சென்று, நீர் திரும்பியதும் ஊர் திரும்பியவர்கள்.