எண்ணூர் முகத்துவாரமும் வடசென்னை வெள்ளமும்

வடசென்னையில் பெய்யும் மழைநீர் கடலுக்குப் போக உள்ள பெரிய வழி எண்ணூர் முகத்துவாரம். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் கடலோரத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் இங்குள்ள தெருக்களின் நீரில் பெரும்பகுதி நேரே கடலில் விழுவதில்லை. கரையை ஒட்டிய மணல்மேடு சற்று உயரமானது. அதற்கு மேற்கே நிலம் தாழ்கிறது. அந்தத் தாழ்வில்தான் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும், நீர் முதுகைக் காட்டி மேற்கே இறங்கி, கால்வாயைப் பிடித்து வடக்கே போய், எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றோடு சேர்ந்த பிறகே கடலைக் காண்கிறது.

அதே முகத்துவாரத்துக்கு வேறு பாரமும் உண்டு. சுமார் 136 கி.மீ. நீளமுள்ள கொசஸ்தலை ஆறு, பூண்டி ஏரியின் உபரிநீரைக் கொண்டுவருகிறது. புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாயும் மணலி, சடையங்குப்பம் வழியாக இங்கேதான் வந்து சேர்கிறது. ஊரில் கனமழை, பூண்டியில் மதகு திறப்பு, கடலில் ஏற்றம் ஆகிய மூன்றும் ஒரே நாளில் கூடினால் நீர் போக இடமில்லை. வெள்ளக்காலத்தில் சடையங்குப்பமும் மணலி புதுநகரும் முதலில் மூழ்குவது இதனால்தான். 2021 நவம்பரில் மணலி புதுநகர் வீடுகளுக்குள் புகுந்தது, அந்தப் பகுதியில் பெய்த மழையை விட ஆற்றில் வந்த நீர்தான்.

நிலத்தின் சரிவு மிகக் குறைவு என்பது அடிப்படைச் சிக்கல். சென்னைக் கடலில் அமாவாசை, பௌர்ணமி நாட்களின் ஏற்றவற்றம் ஏறக்குறைய ஒரு மீட்டர். புயல் நேரத்தில் காற்று கடலை மேலும் உயர்த்திக் கரையோடு அழுத்தும். அப்போது வடிகாலின் வாய் நீருக்குள் மூழ்கி, நீர் வெளியேறுவதற்குப் பதிலாக எதிர்த்து ஏறுகிறது.

முகத்துவாரமும் பழைய அகலத்தில் இல்லை. ஆண்டின் பெரும்பகுதி கடல் நீரோட்டம் மணலை வடக்கே தள்ளிக்கொண்டு வந்து வாயில் திட்டு போடுகிறது. அருகிலுள்ள அனல் மின்நிலையத்தின் சாம்பல் குழம்பைக் கொண்டுபோகும் குழாய்களில் பல ஆண்டுகள் ஏற்பட்ட கசிவால் கழிமுகத்தின் அடித்தளம் மேடாகிவிட்டது. மழைக்காலத்தில் வெள்ளத்தை விரித்து வாங்கிக்கொள்ளும் சேற்றுநிலங்களும் உப்பளங்களும் துறைமுகங்களாகவும் நிலக்கரிக் கிடங்குகளாகவும் மாறின. இவை பயனற்ற தரிசு என்று கருதி நிரப்பியதுதான் இப்பகுதித் திட்டமிடலில் நேர்ந்த பெரிய தவறு.

கடல் பக்கத்துத் தொல்லை இதைவிடப் பழையது. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கியபின், வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தங்கியது. மெரினா அகலமானது, ராயபுரம் கரை அரித்துப்போனது. கல்சுவர்களும் காசிமேட்டுக்கு வடக்கே வரிசையாக நிற்கும் தூண்டில் வளைவுகளும் அரிப்பை ஓரளவு தடுத்தன. ஆனால் ஓரிடத்தில் மணலைப் பிடித்தால் அடுத்த குப்பம் அதை இழக்கும்.

தொழிற்பேட்டையில் வெள்ளம் வெறும் நீராக வருவதில்லை என்பதை 2023 டிசம்பர் காட்டியது. 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மூழ்கடித்தது. மணலி சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து மழைநீரோடு வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. வெள்ளம் வடிந்தபின் எர்ணாவூர் வீட்டுச் சுவர்களில் நீர் நின்ற மட்டம் வரை கறுப்புப் பட்டை. படகிலும் வலையிலும் அலையாத்தி வேர்களிலும் எண்ணெய்ப் பிசுக்கு. காட்டுக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் அதை அள்ளினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தாமாகவே வழக்கை எடுத்தது. ஆலையின் மழைநீர்ப் பாதையில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி சாதாரண மழைக்கு மட்டும் போதுமானதாக இருந்தால், பெருமழையில் அது இருந்தும் இல்லாததுதான். தொட்டியின் கொள்ளளவு, வெளியேறும் மதகு, எண்ணெய்க் கலன்களைச் சுற்றிய கரை, துணை மின்நிலையத்தின் உயரம் ஆகிய அனைத்தும் பெருவெள்ளக் கணக்கில் அமைய வேண்டும்.

மாநகராட்சி மேற்கொண்ட பெரிய பணி கொசஸ்தலை வடிநில மழைநீர் வடிகால் திட்டம். ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியோடு சுமார் 3,220 கோடி ரூபாயில் 769 கி.மீ. அளவுக்கு வடிகால்கள் திட்டமிடப்பட்டன. இவை தேவைதான். ஆனால் தெரு நீர் முதலில் விழுவது சாலையோர வண்டல் தொட்டியில். சேறும் பிளாஸ்டிக் உறையும் அங்கே தங்க, நீர் மட்டும் குழாய் வழியாக வடிகாலுக்குப் போக வேண்டும். தொட்டியை அள்ளாமல் விட்டால் அரைமணி மழைக்கே சாலை குளமாகும்; வடிகால் பாதி காலியாகக் கிடக்கும். தொட்டிகள் சுத்தமாக இருந்தாலும் வேறொரு சிக்கல் வரும்: எல்லாத் தெருவின் நீரும் முன்னைவிட விரைவாகக் கால்வாய்க்கு வந்து, அடைபட்ட முகத்துவாரத்தில் ஒன்றாக முட்டும். காகிதத்தில் கிலோமீட்டர் கணக்கு அழகாகத்தான் இருக்கும்.

ஆகவே நீரை வழியிலேயே தாமதிக்க வைக்க வேண்டும். துறைமுக நகரமான ரோட்டர்டாமில் 2013-இல் திறந்த பெந்தம்பிளைன் சதுக்கம், வெயில் நாளில் விளையாட்டுத் திடல். மழை நாளில் சுமார் 17 லட்சம் லிட்டர் நீரைப் பிடித்துவைக்கும். மாதவரம், கொரட்டூர், கடப்பாக்கம் ஏரிகளைத் தூர்வாரி வைத்திருந்தால் வடசென்னைக்கு அதைவிடப் பன்மடங்கு கொள்ளளவு கிடைக்கும்.

பூண்டி மதகு இன்னொரு தர்மசங்கடம். ஏரியில் முன்கூட்டியே இடம் ஒதுக்கினால் வெள்ளம் தணியும். பிறகு மழை பொய்த்தால் குடிநீருக்குத் திண்டாட்டம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, நகரம் தண்ணீர் லாரிகளின் பின்னால் ஓடியது. அந்த அனுபவத்துக்குப் பின் நீரைத் திறக்கப் பொறியாளர்கள் தயங்குவதில் வியப்பில்லை. மழை முன்னறிவிப்பையும் கடலேற்ற அட்டவணையையும் சேர்த்துப் பார்த்து, நீரைச் சிறிது சிறிதாக, கடல் வற்றும் நேரத்தில் திறப்பதே நடைமுறை வழி.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது சாம்பலையும் மணல்திட்டையும் அகற்றுவது, எஞ்சிய சேற்றுநிலத்தை இனி நிரப்பாமல் விடுவது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஒவ்வொரு செப்டம்பரிலும் முகத்துவாரத்தின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து, குப்பத்து மக்களும் படிக்கும்படி அரசு வெளியிட வேண்டும்.