மாப்பிள்ளை அமெரிக்காவில், பெண் சித்தூரில்: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

திருமலையில் தாலி கட்டி, சித்தூரில் விருந்து வைத்து, லீவு முடிந்ததும் மாப்பிள்ளை அமெரிக்காவுக்கு விமானம் ஏறிவிடுகிறார். விசா வரும்வரை பெண் தகப்பனார் வீட்டிலேயே இருக்கிறாள். சித்தூர், திருப்பதி ஜில்லாக்களின் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பழகிப்போன காட்சி. பழகாதது, மாசி பங்குனியில் மாப்பிள்ளை அனுப்பும் காகிதம். "இதில் கையெழுத்துப் போட்டு அனுப்பு" என்கிறார். பெண்ணும் போட்டு அனுப்பிவிடுகிறாள். ஆபீசில் காலமெல்லாம் கணக்குப் பார்த்த தகப்பனார்கள்கூட அதைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

அது அமெரிக்க வருமான வரிப் பாரம். அந்நாட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே கணக்குத் தரலாம், தனித்தனியாகவும் தரலாம். நம் நாட்டில் இந்தப் பேச்சே இல்லை. அவரவர் பான் எண், அவரவர் கணக்கு. ஆனால் கோவா போன்ற பகுதிகளில், போர்ச்சுகீசியர் விட்டுப்போன சிவில் சட்டத்தால், சம்பளம் நீங்கலான வருமானம் தம்பதிக்குள் பாதிப் பாதியாகப் பிரிகிறது. அங்கும் பாரம் இரண்டுதான்.

குடியுரிமையோ கிரீன் கார்டோ பெற்ற மாப்பிள்ளை மட்டுமல்ல, ஹெச்-1பி விசாவில் போதிய நாட்கள் தங்கியவரும் வரிக்கணக்கில் அமெரிக்கவாசியே. அங்கே காலடி வைக்காத சித்தூர்ப் பெண், அந்தச் சட்டத்தின் கண்ணில் அந்நிய நாட்டு மனைவி. மனைவி இங்கேதானே இருக்கிறாள் என்று சிலர் பிரம்மச்சாரி போலவே கணக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அது தவறு. டிசம்பர் 31 அன்று மணமானவராக இருந்தால் அந்த ஆண்டு முழுவதும் மணமானவரே. கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில் தாலி கட்டியவருக்கு அந்த ஆண்டு பூராவும் கணக்கு மாறுகிறது; தை பிறக்கட்டும் என்று காத்திருந்தவருக்கு மறு ஆண்டுதான். 'குடும்பத் தலைவர்' என்று ஒரு சலுகை இனமும் உண்டு. ஆனால் ஊரில் இருக்கும் மனைவியைக் காட்டி அதைப் பெற முடியாது. இந்தியப் பிரஜைகளாக இங்கேயே வசிக்கும் தாய் தகப்பனாரைக் காட்டியும் பெற முடியாது.

எஞ்சுவது இரண்டு வழி: தனிக்கணக்கு, கூட்டுக்கணக்கு.

லாபம் எவ்வளவு?

மாப்பிள்ளைக்கு 2025இல் 80,000 டாலர் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். தனிக்கணக்கில் நிலையான கழிவு 15,750 டாலர். மத்திய அரசுக்கு வரி சுமார் 9,050 டாலர். கூட்டுக்கணக்கில் கழிவு 31,500. வரி சுமார் 5,340. மிச்சம் 3,700 டாலர். மாப்பிள்ளை அவசரப்படுவது ஏன் என்று இப்போது புரியும்.

ஆனால் கூட்டுக்கணக்கு வேண்டுமானால், அந்நிய மனைவியையும் அமெரிக்கவாசியாகவே கருதுங்கள் என்று இருவரும் கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தபின், அவள் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அது அந்தக் கணக்கில் ஏறும். திருப்பதியில் பள்ளி ஆசிரியையாக ஆண்டுக்கு 3 லட்ச ரூபாய் வாங்கினால் அது சுமார் 3,500 டாலர். கூடும் வரி 420 டாலர்தான், அப்போதும் லாபமே. இந்தியாவில் கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ள வழி உண்டு. இவ்வளவு சம்பளத்துக்கு இங்கே வரி இல்லாததால் கழிக்கத்தான் ஒன்றும் இராது.

இடறுவது வேறு இடத்தில். விவசாய வருமானத்துக்கு இங்கே மத்திய அரசின் வருமான வரி இல்லை, அமெரிக்காவில் உண்டு. பி.பி.எஃப். வட்டியும் அப்படியே. தோத்தாபுரி மாங்காய்க்கு அரசின் 4 ரூபாயும் சேர்த்துக் கிலோ 12 ரூபாய் என்று 2025இல் அறிவிக்க வேண்டிவந்த நிலைமையில், தோப்பில் என்ன வருமானம் என்று சித்தூர்க்காரர்கள் சிரிக்கலாம். தோப்பையே விற்றால்? நகராட்சி எல்லையிலிருந்து சட்டம் சொல்லும் தூரத்துக்கு அப்பாலுள்ள விளைநிலத்தை விற்ற லாபத்துக்கு இங்கே வரி கிடையாது. கூட்டுக்கணக்கில் பெண்ணின் கையெழுத்து இருந்தால் அங்கே உண்டு. மிச்சம் பிடித்த 3,700 டாலரை அது ஒரே வாயில் விழுங்கிவிடும்.

பொறுப்பு யாருக்கு?

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கூட்டுக்கணக்கில் கையெழுத்திட்டவர் அந்தக் கணக்கின் முழு வரிக்கும் பொறுப்பாளி. மாப்பிள்ளை வருமானத்தை மறைத்திருந்தால் பாக்கியும் அபராதமும் பெண்ணையும் சேரும். பின்னாளில் விவாகரத்தானாலும் அந்த ஆண்டின் பொறுப்பு தானாக விலகாது. எனக்குத் தெரியாது என்று விடுதலை கேட்கலாம், ஆனால் நிரூபிக்க வேண்டியவள் அவளே. தவிர, ஒருமுறை எழுதிக் கொடுத்தது ரத்துச் செய்யும்வரை வரும் ஆண்டுகளுக்கும் நீடிக்கும். ரத்துச் செய்தால் அந்த இருவரும் மறுபடி அதைக் கேட்க முடியாது.

மாப்பிள்ளைகள் சொல்ல மறக்கும் விதி ஒன்றும் இருக்கிறது. முதலில் தனிக்கணக்குக் கொடுத்துவிட்டு, கெடு தேதியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் கூட்டுக்கணக்காகத் திருத்திக்கொள்ளலாம். கூட்டாகக் கொடுத்ததைக் கெடு கடந்தபின் தனியாக மாற்ற முடியாது. ஆகவே ஏப்ரல் 15க்குள் பெண் கையெழுத்துப் போட்டே தீரவேண்டும் என்பதில்லை. இங்குள்ள வருமானத்தை எழுதிப் பார்த்து, அவருடைய கணக்கின் நகலையும் வாங்கிப் படித்தபின் போடலாம்.

கூட்டுக்கணக்குக்கு ஒப்புக்கொண்டால் பெண்ணுக்கு அமெரிக்க வரித்துறையின் ஒன்பது இலக்க எண் ஒன்று வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். நம்மூர் நோட்டரி முத்திரை செல்லாது. மூலப் பாஸ்போர்ட், அல்லது அதை வழங்கிய அலுவலகமே சான்றளித்த நகல் வேண்டும். அத்துறை அங்கீகரித்த முகவர் மூலமும் விண்ணப்பிக்கலாம். விசா நேர்காணல் நெருங்கும் சமயத்தில் மூலப் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பிவிட்டு யாரும் தவிக்க வேண்டாம். முகவர் வழியே நல்லது.

குவைத்துக்குப் போன கடப்பை, சித்தூர்ப் பக்கத்துத் தொழிலாளர்களுக்கு அங்கே தனிநபர் வருமான வரி கிடையாது. இந்தத் தலைவலியும் இல்லை. இந்தியச் சட்டம் ஒன்று மட்டும் இருவகைக் குடும்பங்களுக்கும் பொது. கணவர் அனுப்பும் பணத்துக்கு மனைவி வரி கட்ட வேண்டியதில்லை. அதை அவள் பெயரில் பாங்கியில் டெபாசிட் போட்டால், வரும் வட்டி கணவர் வருமானமாகவே இங்கே சேர்க்கப்படும். வட்டியில் பாங்கி பிடிக்கும் வரி பெண்ணின் பான் எண்ணில் ஏறியிருக்கும் என்பதால், டெபாசிட் போடும் அன்றே இதை ஆடிட்டரிடம் சொல்லி வைப்பது நல்லது.