ஈரம் காயாத கைவலை

டிராமன் ஆற்றங்கரையில் மாலை வரை தூண்டில் போட்ட ஒருவர், நனைந்த கைவலையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டிக் காரின் டிக்கியில் போடுகிறார். மறுநாள் காலை லார்விக் பக்கம் போய், நூமெடால்ஸ்லோகன் ஆற்றில் அதே வலையை இறக்குகிறார். இடையில் ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார்ப் பயணம். முதல் ஆற்றில் 1980களிலேயே ஒரு ஒட்டுண்ணி புகுந்துவிட்டது. இரண்டாவது ஆறு நோர்வேயின் நல்ல சல்மன் ஆறுகளில் ஒன்று. ஒட்டுண்ணி அங்கே போய்ச் சேர அந்தப் பிளாஸ்டிக் பை போதும்.

ஒஸ்லோவிலும் சுற்றுப்பட்டிலும் வாழும் நம்மவர்களில் கோடையானதும் தூண்டிலோடு கிளம்புகிறவர்கள் உண்டு. இந்தக் கட்டுரை முதலில் அவர்களுக்குத்தான்.

அரை மில்லிமீட்டர் உயிர்

அந்த ஒட்டுண்ணியின் பெயர் கைரோடாக்டிலஸ் சலாரிஸ். நீளம் சுமார் அரை மில்லிமீட்டர். உடலின் பின்நுனியில் உள்ள தட்டைச் சுற்றிப் பதினாறு நுண்கொக்கிகள். அவற்றால் மீனின் தோலிலும் செட்டையிலும் பற்றிக்கொள்கிறது. முட்டையிடாது, குட்டி போடும். பிறக்கும் குட்டியின் வயிற்றிலேயே அடுத்த குட்டி வளர்ந்துகொண்டிருக்கும். முதல் குட்டிக்கு இணை சேரவும் தேவையில்லை. ஆகவே ஒரே ஒரு ஒட்டுண்ணி தப்பிப் போனாலும் ஒரு கூட்டம் உருவாகிவிடும்.

பால்டிக் கடலில் விழும் ஆறுகளின் சல்மன்கள் இதோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியவை, பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. நோர்வேயின் அத்திலாந்திக் சல்மனுக்கு அந்த எதிர்ப்பு இல்லை. 1975இல் இங்கே முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட இந்த ஒட்டுண்ணி, பிறகு 51 ஆறுகள் வரை பரவியது. பாதித்த ஆறுகளில் சல்மன் குஞ்சுகள் சராசரியாக 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்துபோயின. விரல் நீளக் குஞ்சின் மேல் ஒட்டுண்ணி ஆயிரக்கணக்கில் ஏறி, தோலையும் வழுவழுப்பையும் அரித்துத் தின்னும். புண்ணில் பூஞ்சை பிடிக்கும். செட்டை வெளுத்து, குஞ்சு கரையோர அமைதி நீரில் சோர்ந்து கிடந்து சாகும். பெரிய சல்மனையே பார்த்துக்கொண்டிருக்கும் தூண்டில்காரர் கண்ணில் இது படுவது அபூர்வம்.

மனிதருக்கு இதனால் எந்தக் கெடுதியும் இல்லை. மீனைத் தாராளமாகச் சமைத்துச் சாப்பிடலாம்.

வந்த பிறகு என்ன வைத்தியம்?

வைத்தியம் உண்டு, ஆனால் கொடூரமானது. ரொட்டினோன் என்ற தாவர நஞ்சை ஆற்றில் கலப்பார்கள். சில செடிகளின் வேரில் இருந்து வருவது அது. அப்படிப்பட்ட வேரை நசுக்கி நீரில் கலக்கி மீன் பிடிக்கும் வழக்கம் தென்னமெரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பழையது. ஒட்டுண்ணியைக் கொல்ல அது ஒட்டி வாழும் உயிரையே, அதாவது ஆற்று மீன்கள் அத்தனையையும், கொல்ல வேண்டும். அதற்கு முன்பே அந்த ஆற்றின் சல்மன் வம்சத்தை மரபணு வங்கியில் வளர்த்துப் பாதுகாத்து, பிறகு திருப்பி விடுகிறார்கள். அமில நீரில் அலுமினியத்தை அளவாகக் கலந்து, மீனை விட்டு ஒட்டுண்ணியை மட்டும் கொல்லும் முறையும் வந்தது. அண்மைக் காலத்தில் குளோரினும் பயன்படுகிறது.

லார்டால் ஆற்றில் 1996இல் ஒட்டுண்ணி கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து போட்டார்கள், அது திரும்பி வந்தது, மறுபடியும் போட்டார்கள். ஆறு நோயற்றது என்று அறிவிக்க 2017 ஆகிவிட்டது.

ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். நோர்வேயில் இந்த ஒட்டுண்ணியைப் பெருமளவு பரப்பியது தூண்டில்காரர்கள் அல்ல. நோய் தொற்றிய பொரிப்பகங்களில் இருந்து ஆறுகளில் விடப்பட்ட குஞ்சுகளும், உப்புக் குறைந்த ஃபியோர்ட் நீர் வழியே பக்கத்து ஆற்றுக்கு நீந்திய மீன்களும்தான் முக்கிய காரணம். முழுக் கடல் உப்பில் அது செத்துவிடும். ஆனால் கடலால் பிரிந்து கிடக்கும் தூரத்து ஆறுகளுக்கு இடையே கார் ஓட்டிப் போகிறவர் நாம்தான். அந்த வழியை அடைப்பது நம் கையில் இருக்கிறது.

காய்ந்தால் சாகும்

இந்த ஒட்டுண்ணிக்குப் பெரிய எதிரி வறட்சி. ஈரமாய் இருக்கும் வரை வலையிலும், நீரில் இறங்கும் றப்பர் காற்சட்டையின் மடிப்பிலும், சப்பாத்தின் அடியிலும் அது சில நாள் தாக்குப்பிடிக்கும். குளிர்ந்த நீரில் இன்னும் கூடுதலாக. 20 பாகைக்குக் குறையாத வெப்பத்தில் இரண்டு நாளாவது முழுதாகக் காய வைத்தால் முடிந்தது கதை. முழுதாக என்பதுதான் முக்கியம். கைவலையின் முடிச்சுகள், தூண்டில் சுருளின் உட்புறம், காற்சட்டையின் கால் நுனி ஆகியவை கடைசியில் காயும் இடங்கள். கம்பளி ஒட்டிய அடிப்பாகம் கொண்ட சப்பாத்து லேசில் காயாது. நியூசிலாந்து 2008இல் அத்தகைய சப்பாத்தை ஆறுகளில் தடை செய்தது; அங்கே பிரச்சினை ஒரு பாசி, ஆனால் அது பயணம் செய்யும் வழி இதேதான்.

காய வைக்க நேரமில்லையா? 60 பாகையில் ஒரு மணி நேரம் சூடாக்கலாம். பின்லாந்துக்காரர்கள் பொருட்களைச் சவுனாவுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள்! பிறீசரில் ஒரு முழு நாள் வைத்து உறைய விட்டாலும் சரி. வேர்கொன் எஸ் என்ற கிருமிநீக்கித் தூளின் ஒரு சதவீதக் கரைசலில் பத்து நிமிடம் ஊற வைப்பதும் ஏற்கப்பட்ட முறை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தூளை முகராதீர்கள், எஞ்சிய கரைசலை ஆற்றில் ஊற்றாதீர்கள்.

பல சல்மன் ஆறுகளில் கரையிலேயே கிருமிநீக்க நிலையம் இருக்கும். அங்கே பொருட்களைச் சுத்தம் செய்து, கையெழுத்திட்ட சான்று வாங்கினால்தான் மீன்பிடிச் சீட்டு செல்லுபடியாகும். "நேற்றுத்தான் கழுவினேன்" என்பது அங்கே எடுபடாது. கழுவினாலும் ஈரம் ஈரம்தான்.

பொருட்களோடு விஷயம் முடிவதில்லை. ஓர் ஆற்றில் பிடித்த மீனை இன்னோர் ஆற்றங்கரையில் வெட்டிக் கழுவக் கூடாது. வாளித் தண்ணீரை வேறொரு நீர்நிலையில் கொட்டக் கூடாது. உயிருள்ள மீனை இடம் மாற்றி விடுவதும் தூண்டிலில் இரையாகக் கொளுவுவதும் நோர்வேயில் சட்டப்படி குற்றம். சிறு படகோ கயாக்கோ கொண்டு போனால் உள்ளே தேங்கிய நீரைப் பழைய கரையிலேயே வடித்து, காய விட்டுத்தான் ஏற்ற வேண்டும். சிறுவர்களின் ஊதும் படகையும் இதே கணக்கில் சேருங்கள். மடித்துச் சுருட்டிய அதன் இடுக்குகளில் ஈரம் ஒரு வாரம்கூடக் கிடக்கும்.