ஒரு மாணவி கண்டறிந்த உண்மை

துப்பறியும் கதைகளில் தூக்கத்தை இழப்பவர் நம்முள் பலர். கொடிய வைரசைத் தேடிச் செல்லும் கதையென்றால் கேட்கவே வேண்டாம். அத்தகைய தேடல் ஒன்று நம் சென்னையிலேயே நடந்தது. அதில் இறங்கியவர் ஒரு மாணவி என்பதைப் பலர் அறியார்.

1981-இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் வெளிப்பட்டது. 1983-இல் பாரிசு அறிஞர்கள் அதற்குக் காரணமான வைரசைக் கண்டனர். அது மேலைநாட்டு நோய், நம்மை அண்டாது என்று இங்கே பலர் நம்பினர். நம்பிக்கை வேறு, சோதனை வேறு அல்லவா? சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவை அதனை ஆராயத் தூண்டினார். நிர்மலா மயிலாப்பூரில் இருந்த பெண்கள் காப்பகத்திற்குச் சென்று இரத்தம் சேகரித்தார். அதனைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காத்தார். 1986 பிப்ரவரியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின!

அந்நிறத்தின் பொருள் என்ன? வைரஸ் புகுந்த உடல், அதனை எதிர்க்க ஆன்டிபாடி என்னும் எதிர்ப்பொருளை ஆக்குகிறது. எலிசா சோதனையில் வைரசின் புரதம் பூசிய குழியில் இரத்தத்தின் தெளிநீரை விடுகிறார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் அப்புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் சேர்க்கும் நொதி நிறத்தை வரவழைக்கும். வேறு காரணத்தாலும் நிறம் மாறக்கூடும். ஆகவே மீண்டும் இரத்தம் எடுத்து அமெரிக்காவிற்கு அனுப்பினர். அங்கு 'வெஸ்டர்ன் பிளாட்' என்னும் சோதனை முடிவை உறுதி செய்தது. அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் இதனை அறிவித்தார்.

வைரசைக் கண்டாயிற்று, அச்சத்தை என்ன செய்வது? எங்கள் கொருக்குப்பேட்டையில் சரக்கு லாரி ஓட்டிய ஒருவருக்கு இந்நோய் என்று பேச்சு எழுந்ததும், தெருக்குழாயில் அவர் மனைவியின் குடத்தை ஒதுக்கி வைத்தார்களாம். என் பாட்டி இன்றும் வருந்திச் சொல்வார். தண்ணீராலோ, தொடுவதாலோ, உடன் உண்பதாலோ இது பரவாது என்பதை அன்று எடுத்துச் சொல்ல அத்தெருவில் ஆள் இல்லை.

இன்று மருந்து உண்டு. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தருகிறார்கள். நாள்தோறும் உண்பவர் நெடுங்காலம் வாழ்கிறார். நோயாளியை ஒதுக்குவதைத் தடுக்க 2017-இல் சட்டமும் இயற்றப்பட்டது. எனினும் குழாயடிக்குச் சட்டம் வந்து நிற்காது. நாம்தான் நிற்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பயிலாத கலை மாணவரும் செய்யத்தக்க பணி அது. தெரிந்த உண்மையைத் தெருவில் உரக்கச் சொல்வோம்.