சிறுமலர் காட்டும் நம்பிக்கை வழி

தேர்வுக் காலம் நெருங்கினால் நம் பள்ளி வளாகத்து மாதா கெபியில் மெழுகுதிரிகளுக்குக் குறைவிராது. மணி அடிக்குமுன் அங்கே முழந்தாளிட்டுச் செபிக்கும் கூட்டமும் பெருகிவிடும். நல்ல வழக்கந்தான். ஆனால் முடிவுகள் வெளியான பின்பு நடப்பதென்ன? தேறியவள் நன்றித் திரி ஏற்றுகிறாள். தவறியவளோ கெபிப் பக்கம் திரும்பிப் பாராமலே போகிறாள். "தினமும் செபமாலை சொன்னேனே, கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரே!" என்று ஒரு மாணவி என்னிடம் அழுதாள். அன்று அவளுக்குத் தக்க விடை சொல்ல என்னால் இயலவில்லை. பின்னர்ப் புனித சிறுமலர் தெரேசாளின் வாழ்வில் அவ்விடையைக் கண்டேன்.

பிரான்சு நாட்டின் அலான்சோன் நகரில் 1873ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் பிறந்தவர் தெரேசாள். நான்கு வயதில் தாயை இழந்தார். பதினைந்து வயதிலேயே லிசியே நகரின் கார்மேல் மடத்தில் சேர வேண்டுமென்பது அவருடைய ஏக்கம். வயது போதாதென்று அனுமதி கிடைக்கவில்லை. 1887 நவம்பரில் தந்தையுடன் உரோமைக்குச் சென்றவர், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரின் பாதத்தருகே மண்டியிட்டுத் தம் விண்ணப்பத்தைச் சொன்னார். இறைவன் சித்தமானால் அது நடக்கும் என்பதே கிடைத்த மறுமொழி. எழ மறுத்த சிறுமியைக் காவலர் தூக்கி வெளியே கொண்டுவந்தனர். அவர் கண்ணீர் விட்டு அழுதார்.

ஆயினும் அவர் கடவுளிடம் கோபித்துக்கொள்ளவில்லை. தம்மைக் குழந்தை இயேசுவின் கையிலுள்ள விளையாட்டுப் பந்தாக எண்ணிக்கொண்டார். குழந்தை பந்தை ஓரமாய்ப் போட்டுவிட்டு உறங்கிவிடலாம். அப்போதும் பந்து அந்தக் குழந்தையுடையதுதானே! அந்த ஆண்டின் இறுதியில் ஆயரின் இசைவு கிடைத்தது. அதன் பின்னும் தவக்காலம் முடியக் காத்திருந்து, 1888 ஏப்ரல் 9ஆம் நாள் மடத்தில் நுழைந்தார்.

மடத்திலே பெரிய அற்புதங்கள் எவையும் நிகழவில்லை. துணி துவைக்கும்போது எதிரே நின்ற சகோதரி அழுக்கு நீரை அவர் முகத்தில் தெறிக்கச் செய்வார். செப வேளையில் பின்னாலிருந்த ஒருவர் ஓயாமல் ஓசை எழுப்புவார். இவற்றைப் பொறுத்துக்கொள்வதே அவருடைய காணிக்கை. தியானத்தில் அவர் தூங்கிவிடுவதும் உண்டு. உறங்கும் பிள்ளையையும் பெற்றோர் நேசிக்கத்தானே செய்கிறார்கள் என்று மனம் தேறுவார்.

புண்ணியப் படிகளில் ஏற வலுவில்லாத குழந்தையாகத் தம்மைக் கண்டார் தெரேசாள். அக்காலத்தில் செல்வர் இல்லங்களில் 'லிப்ட்' புதிதாக வந்திருந்தது. தம்மை மேலே தூக்கும் லிப்ட் இயேசுவின் கரங்களே என்றார். அவற்றில் ஏற, வளர வேண்டியதில்லை. சிறியவளாகவே இருந்தால் போதும். இதுவே அவருடைய 'சிறு வழி'. தம் நற்செயல்களைக் கணக்குக் காட்டாமல் வெறுங்கையோடு இறைவன்முன் நிற்கவே அவர் விரும்பினார். அருள் விலைக்கு வாங்கும் பொருளன்று, கொடை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இந்த நம்பிக்கைக்குக் கடுஞ்சோதனையும் வந்தது. 1896ஆம் ஆண்டு பெரிய வெள்ளிக்கு முந்தைய இரவில் காசநோயின் இரத்தம் முதன்முதலாக வெளிப்பட்டது. அந்தப் பாஸ்காக் காலத்திலேயே உள்ளத்திலும் இருள் சூழ்ந்தது. மோட்சம் உண்டா என்ற ஐயமே அவரை வாட்டியது. அவர் விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். இருள் முற்றாக விலகவில்லை. 1897 செப்டம்பர் 30ஆம் நாள், 24ஆம் வயதில், இறைவனை நேசித்தபடியே உயிர் நீத்தார். 1925இல் புனிதையாக உயர்த்தப்பட்ட அவரை, 1997இல் திருச்சபை மறைவல்லுநராகவும் அறிவித்தது.

மாணவியரே, அவர் நோய் தீர்ந்து எழவில்லை. அதனால் கடவுள் வாக்குத் தவறியவரா? இல்லை. நாம் கேட்டதையெல்லாம் தருவேன் என்பதன்று அவருடைய வாக்கு. எந்நாளும் உங்களோடு இருக்கிறேன் என்பதே. "முதலிடம் தந்தால் பத்துத் திரி" என்பது பேரம். "எது வந்தாலும் நான் உம்முடைய பிள்ளை" என்பதே நம்பிக்கை. படிக்காமல் செபம் மட்டும் செய்வதும் நம்பிக்கையாகாது. தெரேசாள் துணி துவைத்தார், நோயுற்றபோதும் இயன்றவரை தம் கடமையைச் செய்தார். நம் பங்கை உண்மையாய்ச் செய்துவிட்டு, பலனை அவர் கையில் விடுவோம்.

பெற்றோருக்கும் ஒரு சொல்: தோற்றுத் திரும்பும் பிள்ளையை வாசலில் அணைத்துக்கொள்ளுங்கள். கடவுளின் மாறாத அன்பை அவள் முதலில் கற்பது உங்கள் முகத்தில்தான்.

என்னிடம் அழுத அந்த மாணவிக்கு இன்று நான் சொல்லக்கூடியது இதுவே: மகளே, வெறுங்கையோடு கெபிக்குப் போ. திரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நீ தவறிய அன்றும் அவர் உன்னை விட்டு அகலவில்லை.