நிறைந்த வலையும் வறிய கடலும்

வட அமெரிக்காவின் கீழ்க்கரையில், கனடா நாட்டைச் சார்ந்து, நியூபவுண்ட்லாந்து என்னும் பெருந்தீவு ஒன்று உளது. அதன் அருகே, நம் பரதவர் ‘பார்’ என வழங்குவது போன்ற கடலடி மேடுகள் நெடுந்தொலைவு பரந்து கிடக்கின்றன. வடக்கிலிருந்து வரும் குளிர்நீரோட்டமும் தெற்கிலிருந்து வரும் வெந்நீரோட்டமும் அங்குக் கலத்தலின் மீனுக்கு இரை மிகுதி. அவ்விரையால் பெருகியது காட் என்னும் மீன். 1497-ஆம் ஆண்டில் ஜான் கபட் என்னும் மாலுமி அக்கடலைக் கண்டு மீண்டபோது, கல் கட்டிய கூடையை நீரில் இறக்கினாலே அங்கு மீன் அகப்படும் என்று உடன் சென்றோர் கூறினராம். மாலுமிகளின் சொல்லில் சிறிது மிகை இருப்பது இயல்பே. எனினும், பிற்காலத்தில் அத்தீவின் கரையில் எழுந்த சிற்றூர்கள் பல, அம்மீனைக் கருவாடாக்கி விற்றே பல தலைமுறை வாழ்ந்தன.

அவ்வூரார் சிறு படகினர். கோடையில் சிறுமீன் கூட்டத்தைத் துரத்திக் காட் மீன் கரையை அடுத்து வரும், அப்பொழுது பிடிப்பர். எஞ்சிய திங்களெல்லாம் அது ஆழ்கடலில் அச்சமின்றி இருந்தது. இந்நிலை 1950-களில் மாறிற்று. பிடித்த மீனை அங்கேயே அரிந்து உறையவைக்கும் பெருங்கலங்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தன. அவை கடலடியை வருடிச் செல்லும் இழுவை மடிகளை உடையவை. குளிர்காலத்திலும் தொழில் செய்ய வல்லவை. 1968-ஆம் ஆண்டில் மட்டும் எட்டு இலட்சம் டன்னுக்கு மேல் மீன் பிடிக்கப்பட்டது. பத்தாண்டிற்குள் அது இரண்டு இலட்சத்திற்கும் கீழே இறங்கிவிட்டது.

1977-இல் கனடா தன் கரையிலிருந்து 200 கடல்மைல் வரை உரிமை கொண்டு, அயல்நாட்டுக் கலங்களை விலக்கியது. ஆயின், விலகிய கலங்களின் இடத்தை உள்நாட்டு இழுவைக் கலங்கள் நிரப்பின. அவை சினைமீன்கள் முட்டையிடத் திரளும் இடங்களையே நாடிச் சென்று அள்ளின. பெரிய தாய்மீன் ஒன்று பல இலட்சம் முட்டைகளை இடும். இளமீன் இடுவன அதனினும் மிகக் குறைவு. ஆதலின் பெருமீனை எல்லாம் வாரிவிடுவது விதைநெல்லைக் குத்தி உண்பதை ஒக்கும். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாதிருப்பதும் மீன் இனம் பெருகுதற்கு இடம்விடவே.

இவ்வளவு நேர்ந்தும் உண்மை புலப்படாதது எவ்வாறு? கோடையில் குளம் வற்றுங்கால் மீன்கள் நடுப்பள்ளத்தில் திரளும். அங்கு வலை வீசுவோனுக்கு மீன் பெருகியதாகவே தோன்றும். காட் மீனும் தொகை குறையக் குறைய ஒருங்கு திரண்டது. கருவிகொண்டு அத்திரளைக் கண்டறிந்த கலங்களின் மடிகள் நிறைந்தே வந்தன. அந்நிறைவையும் ஓர் அளவுகோலாகக் கொண்டமையால், 1980-களில் அறிஞர்கள் கடலின் இருப்பை மிகுத்துக் கணித்தனர். கரைமீனவரோ, மீன் சிறுத்துவிட்டது, வரவும் குறைந்துவிட்டது என்று முறையிட்டனர். பள்ளத்தை அறிந்தவர் கலத்தினர். குளத்தின் விளிம்பை அறிந்தவர் இவர்கள். இவர்கள் சொல் உரிய காலத்தில் செவியேறவில்லை.

1992 ஜூலை 2-ஆம் நாள் காட் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் தொழிலிழந்தனர். 1991-க்கும் 2001-க்கும் இடையில் அம்மாகாணத்தின் மக்கள்தொகை பத்தில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டே ஆண்டுக்கென விதித்த தடை, இடையிடையே சிறிது தளர்த்தப்பட்டாலும், 32 ஆண்டு நீடித்தது. மீனுக்கு இரையாகும் சிறுமீனும் அருகிப்போனமையின், வலை ஓய்ந்தும் காட் இனம் விரைவில் தலையெடுக்கவில்லை.

2024-இல் அரசு தடையை நீக்கி, அவ்வாண்டிற்கு 18,000 டன் என வரம்பு கட்டியது. அதில் ஒரு பங்கு பெரிய இழுவைக் கலங்களுக்கு ஒதுக்கப்பட்டதைக் கண்டு கரைமீனவர் மீண்டும் எதிர்ப்புத் தெரிவித்தனர்.