மந்த காலத்தில் சர்க்கார் செலவு

வரவு குறைந்தால் செலவைச் சுருக்குவது குடும்ப நீதி. மந்த காலத்தில் சர்க்காரும் அவ்வாறே செய்ய வேண்டாமா என்று அங்கத்தினர் பலர் நம்மிடம் வினவுகின்றனர்.

ஒருவர் செலவே மற்றொருவர் வரவு. சேலை வாங்குவோர் கையைச் சுருக்கினால் தறி நிற்கும்; தறி நின்றால் நூலும் பருத்தியும் தேங்கும். அவ்வேளையில் சர்க்காரும் சுருக்கினால் வீழ்ச்சி ஆழமாகும்.

1929-இல் தொடங்கிய பெருமந்தத்தால், 1933-இல் அமெரிக்க உழைப்பாளர் நால்வரில் ஏறத்தாழ ஒருவர் வேலையற்றிருந்தார். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் சாலை, அணை முதலிய பொதுப்பணிகளைத் தொடங்கினார், வேலை பெருகிற்று. 1937-இல் சர்க்கார் செலவையும் வங்கிக் கடனையும் ஒருங்கே இறுக்கவே, வேலையின்மை மீண்டும் ஏறிற்று. 1938-இல் செலவைக் கூட்ட நேர்ந்தது.

நாம் கருதத்தக்கது ஒன்று. 1935-இல் அங்குக் கிராம மின்சார நிர்வாகம் அமைந்தபோது, பத்துப் பண்ணைகளில் ஏறத்தாழ ஒன்றிலேதான் மின்சாரம் இருந்தது. இலாபமில்லை என்று கம்பெனிகள் ஒதுங்கின. விவசாயிகளோ கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, சர்க்கார் கடன் பெற்றுக் கம்பி இழுத்தனர். 1950-களின் நடுவில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் விளக்கு எரிந்தது.

சர்க்கார் பணம் நிலையான சொத்தாக மாற, அதை ஏற்று நடத்த ஒழுங்கான சங்கம் வேண்டும். கணக்கு நேராகவும் தவணை தவறாமலும் உள்ள சங்கமே அத்தருணத்தில் பயன் பெறும். அந்த ஆயத்தம் இன்றே தொடங்க வேண்டுவது.